ஜி. டி. நாயுடு

கோபால்சாமி துரைசாமி நாயுடு (மார்ச் 23, 1893 – ஜனவரி 4, 1974) கோயம்புத்தூரைச் சேர்ந்த தொழிலதிபரும் கண்டுபிடிப்பாளரும் ஆவார். ஜி. டி. நாயுடு என்று பரவலாக அறியப்படும் இவர், இந்தியாவின் எடிசன் என்றும் அழைக்கப்படுகிறார். பள்ளிப் படிப்பை முடிக்காத இவர், பொறியியல் கல்லூரி ஒன்று தோன்றக் காரணமாக இருந்து அதன் முதல்வராகவும் பொறுப்பேற்றார். மாணவர்கள் எத்தனை ஆண்டுகள் பயில வேண்டும் என்பதில் ஆங்கிலேய அரசுடன் உடன்பட முடியாமல் அப்பொறுப்பிலிருந்து விலகினார்.

இளமை

கோயம்புத்தூருக்கு அருகில் உள்ள கலங்கல் என்னும் சிற்றூரில் வேளாண் குடும்பத்தில் பிறந்தார். மூன்றாம் வகுப்புக்கு மேல் இவர் படிக்கவில்லை. ஆசிரியர் மீது மணலை வீசிவிட்டுப் பள்ளியை விட்டு ஓடியவர் என்று இவரைப் பற்றிக் கூறப்படுவதுண்டு. எனினும் நூல்களைத் தாமே தேடி வாசிக்கும் பழக்கம் இவரிடம் இருந்தது.

ஆங்கிலேய வருவாய்த்துறை அதிகாரி ஒருவர் ஓட்டிவந்த மோட்டார் சைக்கிளை இவர் கண்டதே வாழ்க்கையின் திருப்புமுனையாக அமைந்தது. கோயம்புத்தூரில் உணவு விடுதி ஒன்றில் பணியாளராக வேலை பார்த்துப் பணம் சேர்த்து, அவ்வண்டியை 300 ரூபாய்க்கு வாங்கினார். அதைப் பகுதி பகுதியாகக் கழற்றி மீண்டும் பூட்டி, எந்திரம் இயங்கும் முறையை அறிந்துகொண்டார். பிற்காலத்தில் கல்வி குறித்து இவர் கொண்ட கருத்துகள் அனைத்திற்கும் இந்த அனுபவமே வேர் எனலாம்.

தொழிலும் கண்டுபிடிப்புகளும்

1920-இல் பேருந்து ஒன்றை வாங்கி, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தாமே ஓட்டினார். அது யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய போக்குவரத்து நிறுவனமாக வளர்ந்தது. 1937-இல் டி. பாலசுந்தரம் நாயுடுவுடன் இணைந்து மின்சார மோட்டார் ஒன்றை உருவாக்கினார். இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்சார மோட்டாராக இது கருதப்படுகிறது. உலர் மின்கலத்தில் இயங்கும் ராசன்ட் என்ற சவரக் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் மின்விசிறி, பழச்சாறு பிழியும் கருவி, வாக்குப் பதிவு எந்திரம் ஆகியவையும் இவருடைய படைப்புகளாகும். 1952-இல் இருவர் அமரக்கூடிய சிறு மகிழுந்தை 2,000 ரூபாய் விலையில் தர முன்வந்தார். அரசு உரிமம் வழங்காததால் அது உற்பத்திக்கு வரவில்லை.

தொழிற்கல்வி

அந்நாளில் சென்னை மாகாணத்தில் பொறியியல் பயில விரும்பியோர் பெரும்பாலும் கிண்டி பொறியியல் கல்லூரியையே நாட வேண்டியிருந்தது. 1945-இல் நாயுடுவின் முயற்சியாலும் நன்கொடையாலும் கோயம்புத்தூரில் ஒரு தொழில்நுட்பப் பயிலகமும் பொறியியல் கல்லூரியும் தொடங்கப்பட்டன. மாகாண ஆளுநர் ஆர்தர் ஹோப்பின் பெயர் இவற்றுக்குச் சூட்டப்பட்டது. இப்பயிலகமே இந்தியாவில் முதலாவது என்று சில இடங்களில் எழுதப்பட்டுள்ளது. ஆனால் அதே நகரில் பூ. சா. கோ. தொழில்நுட்பப் பயிலகம் 1939-லேயே தொடங்கப்பட்டுவிட்டதால் இக்கூற்று பொருந்தாது.

கல்லூரியின் முதல்வரான நாயுடு, நான்காண்டுப் படிப்பு மாணவர்களின் காலத்தை வீணாக்குகிறது என்று கருதினார். இரண்டு ஆண்டுகளே போதும் என்பது இவருடைய நிலைப்பாடு. இதை வாதத்தால் மட்டுமன்றிச் செயலாலும் மெய்ப்பிக்க விரும்பி, பல துறைகளைக் குறுகிய காலத்தில் கற்பிக்கும் பயிற்சி வகுப்புகளை நடத்திக் காட்டினார். அரசு இதனை ஏற்கவில்லை. நாயுடு எதிர்ப்புத் தெரிவித்துப் பதவி விலகினார்.

இக்கருத்து முற்றிலும் சரியானது என்று கூற இயலாது. ஒரு மோட்டாரைக் கழற்றிப் பழுது நீக்கும் திறனைச் சில மாதங்களில் பெறலாம். ஒரு பாலம் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்று கணக்கிடுவதற்குத் தேவையான கணிதத்தை அவ்வளவு விரைவில் கற்பது கடினம். ஆயினும் கருவியைத் தொடாமலேயே பல பருவங்களைக் கடக்கும் மாணவரைக் கண்டவர்கள், நாயுடுவின் கேள்வியை எளிதில் ஒதுக்கிவிட முடியாது.

இவர் விலகிய பின்னரும் கல்லூரி நீடித்தது. வேறு இடத்திற்கு மாற்றப்பட்டு, தடாகம் சாலையில் அரசு தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் இயங்குகிறது. அங்கு பொறியியல் பட்டப்படிப்பு நான்காண்டுகளாகவே உள்ளது. நாயுடு கேட்ட கால அளவை ஒத்த பயிற்சி வேறொரு வழியில் வந்தது. 1950-இல் இந்திய அரசு தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டத்தின்படி, தொழிற்பயிற்சி நிலையங்களில் ஓராண்டு, ஈராண்டுப் பயிற்சிகள் அளிக்கப்படுகின்றன. சென்னையின் மேற்குப் பகுதியில் தொழிற்பேட்டை அமைந்துள்ள அம்பத்தூரிலும் இத்தகைய அரசு நிலையம் உள்ளது. பொருத்துநர், கடைசலர் போன்ற பிரிவுகளில் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேரலாம். ஆனால் அங்கு கிடைப்பது சான்றிதழே அன்றிப் பட்டம் அன்று. இவ்விரண்டுக்கும் சமூகம் தரும் மதிப்பு ஒன்றாக இல்லை.

கண்காட்சி

கல்லூரிப் பொறுப்பைத் துறந்த பின்னும் இளைஞர்களுக்கு எந்திரங்களை அறிமுகப்படுத்தும் விருப்பம் இவரை விட்டு நீங்கவில்லை. 1967-இல் கோயம்புத்தூர் பிரசிடென்ட் ஹாலில் தொழிற் கண்காட்சி ஒன்றை அமைத்தார். நாயுடு 1974-இல் காலமானார். அவர் பெயரிலான அருங்காட்சியகத்தில் அவருடைய கண்டுபிடிப்புகள் வைக்கப்பட்டுள்ளன. அவிநாசி சாலையில் 2015-இல் திறக்கப்பட்ட ஜீடீ கார் அருங்காட்சியகத்தில் பல நாடுகளின் பழைய மகிழுந்துகளைக் காணலாம்.