தரங்கம்பாடிக்கு வந்த தமிழ் மாணவர்: சீகன்பால்க் ஐயர் வரலாறு

வணிகம் பேசுவதற்குப் பிறமொழி போதும். அலுவல் பார்ப்பதற்கும் அதுவே போதும். ஆனால் குழந்தையைத் தாலாட்டவும், துயரில் அழவும், இறைவனை நோக்கி இறைஞ்சவும் தாய்மொழி ஒன்றே துணை செய்யும். பிறந்த மண்ணை விட்டுப் பிழைப்பின் பொருட்டு நெடுந்தொலைவு வந்து, நாள் முழுதும் வேற்றுமொழியிற் பேசி, மாலையில் வீடு திரும்பும் நம்மனோர்க்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இவ்வுண்மையை முந்நூறு ஆண்டுகட்கு முன்னரே உணர்ந்து, தம் சமயத்தின் உயிர்நிலையான மொழிகளைத் தமிழிற் சொல்லுவதற்காகத் தமிழ்ச் சிறுவர்களோடு மணலில் அமர்ந்து அரிச்சுவடி பயின்றவர் ஒருவர் உளர். அவர் செர்மானிய நாட்டினர். பெயர் பர்த்தலோமேயு சீகன்பால்க். அவர்தம் வரலாற்றை இவ்வாண்டு விழா மலர் வாயிலாக நம் சங்கத்து அன்பர்கட்குச் சுருங்கக் கூற விழைகின்றோம். நம்முள் பல சமயத்தாரும் உளர். எனினும் தமிழால் ஒன்றுபட்ட நாம் தமிழுக்காக உழைத்த எவரையும் நம்மவராகவே கொள்ளுதல் முறையன்றோ!

பிறப்பும் இளமையும்

சீகன்பால்க் 1682ஆம் ஆண்டு சாக்சனி நாட்டின் புல்சுநிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் தானிய வணிகர். தாயார் இளமையிலேயே நோய்வாய்ப்பட்டு இறக்குந் தறுவாயில் மக்களை அருகழைத்து, அவர்களுக்கென ஒரு பெருஞ் செல்வத்தைச் சேர்த்து வைத்திருப்பதாகக் கூறினாராம். எங்கே என்று மக்கள் வினவ, வேதாகமத்தில் தேடுங்கள், அதன் ஒவ்வோர் ஏட்டையும் என் கண்ணீரால் நனைத்திருக்கின்றேன் என்னும் கருத்துப்பட விடையிறுத்து உயிர்நீத்தார். சில காலத்தில் தந்தையாரும் மறைந்தார். தாய் விட்டுச் சென்ற அந்தச் செல்வமே மகனாரின் வாழ்நாள் முழுவதையும் ஆட்கொண்டது.

பின்னர் அவர் ஆல்லே நகரிற் சென்று பயின்றார். அங்கே ஆகஸ்டு எர்மன் பிராங்கே என்னும் பேரறிஞர் அனாதைச் சிறுவர் இல்லமும் பள்ளிகளும் நிறுவிப் பெரும் பணியாற்றி வந்தார். உடல்நலக் குறைவால் சீகன்பால்க் நெடுநாள் கல்வியைத் தொடரக் கூடவில்லை. ஆயினும் பிராங்கேயிடம் பெற்ற உணர்வு அவரைவிட்டு நீங்கவில்லை.

லூதர் வகுத்த வழி

அவர் கற்ற கல்வி இன்னதென்பதை ஈண்டுச் சிறிது விளக்குதல் வேண்டும். சமயச் சீர்திருத்தம் செய்த மார்ட்டின் லூதர் சாக்சனி நாட்டுத் திருச்சபைகளைப் பார்வையிட்டபோது, பாமர மக்களேயன்றிக் குருமாரிற் பலரும் தம் சமயத்தின் அடிப்படைகளை அறியாதிருக்கக் கண்டு உளம் நொந்தார். அதன் பயனாக 1529ஆம் ஆண்டு சிறிய ஞானோபதேசம் என்னும் கையடக்கமான நூல் பிறந்தது. பத்துக் கட்டளைகள், விசுவாசப்பிரமாணம், கர்த்தர் கற்பித்த செபம், ஞானஸ்நானம், திருவிருந்து ஆகியவற்றை வினாவும் விடையுமாக அது விளக்குகின்றது. கற்றறிந்த பண்டிதர்க்கென அன்று, வீட்டுத் தலைவன் தன் மனைவி மக்கட்கும் பணியாட்கட்கும் கற்பிப்பதற்கெனவே அஃது எழுதப்பட்டது.

விசுவாசப்பிரமாணம் என்பது கிறித்தவர் தாம் நம்புவது யாது என்பதை ஒருங்கே கூறும் சுருக்கமான அறிக்கை. அப்போஸ்தலர் பிரமாணம், நிசேயா பிரமாணம், அத்தனாசியார் பிரமாணம் என அவை மூன்று. 1580ஆம் ஆண்டு லூத்தரன் சபையார் தம் கொள்கை நூல்களை ஒரே தொகுதியாக வெளியிட்டபோது, இம்மூன்று பழம் பிரமாணங்களையே முதற்கண் வைத்தனர். தாம் புதுச் சமயம் எதனையும் படைக்கவில்லை, பழைய நம்பிக்கையிலேயே நிற்கின்றோம் என்று காட்டுவதே அவர்தம் நோக்கம். எனினும் பிரமாணம் வேதத்திற்கு மேற்பட்டதன்று என்பதும் அவர்தம் துணிபு. வேதமே அளவுகோல், பிரமாணம் அவ்வேதத்தின் பிழிவு.

அப்போஸ்தலர் பிரமாணத்தைப் பன்னிரண்டு கூறுகளாகப் பகுப்பது பழைய வழக்கம். லூதரோ அதனைப் படைப்பு, மீட்பு, தூய்மையாக்கல் என மூன்றாகவே வகுத்தார். வானையும் வையத்தையும் படைத்தவர் என்னும் பொதுமொழியை, என்னைப் படைத்தவர், எனக்குக் கண்ணும் செவியும் உணவும் உடையும் வீடும் தந்தவர் என்று ஒவ்வொரு குழந்தையும் தன்மேல் ஏற்றிச் சொல்லுமாறு செய்தார். எனக்காக என்னும் அச்சொல்லே லூதரின் விளக்கத்திற்கு உயிர். மூன்றாம் பகுதியிலோ, மனிதன் தன் அறிவாலோ ஆற்றலாலோ நம்பிக்கை கொள்ள இயலாது, நற்செய்தியின் வாயிலாகத் தூய ஆவியானவர் அழைத்தாலன்றி நம்பிக்கை பிறவாது என்று கற்பித்தார்.

இதனின்று ஒரு முடிபு தானே பெறப்படும். நற்செய்தியைக் கேட்டால்தான் நம்பிக்கை பிறக்குமெனின், கேட்பவன் செவிக்கும் நெஞ்சிற்கும் விளங்கும் மொழியில் அது சொல்லப்படல் வேண்டும். எனக்காக என்பதை இரவல் மொழியில் எவனும் உளமாரச் சொல்லுதல் அரிது. இம்முடிபை ஏட்டளவில் விடாது வாழ்ந்து காட்டியவரே சீகன்பால்க்.

தரங்கம்பாடி சேர்தல்

தஞ்சை இரகுநாத நாயக்கர் காலத்தில், 1620ஆம் ஆண்டு, டேனியர் தரங்கம்பாடியைப் பெற்று அங்கே டேன்சுபர்க் கோட்டையை எழுப்பினர். பின்னாளில் டென்மார்க்கு அரசர் நான்காம் பிரடெரிக் அவ்விடத்து மக்களுக்கு நற்செய்தியாளரை அனுப்ப விழைந்தார். சீகன்பால்க்கும் அவர் நண்பர் என்றிக் புளூச்சோவும் அப்பணிக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 1705ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் கப்பலேறி, ஏழு திங்கட்கு மேல் கடலில் உழன்று, 1706ஆம் ஆண்டு சூலை 9ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். அரசர் அனுப்பியவராயினும் ஆங்கிருந்த ஆளுநர் அவர்களை வரவேற்றாரில்லை. வணிகம் நடத்த வந்த கம்பெனியார்க்குச் சமயப் போதகர் இடையூறாகவே தோன்றினர்.

மணலில் எழுதிய மாணவர்

சீகன்பால்க்குக்குத் தமிழ் கற்பிக்க நூலுமில்லை, இலக்கணமுமில்லை. எனவே அவர் தமிழாசிரியர் ஒருவரை அவர்தம் மாணவர்களோடு தம் வீட்டிற்கே வருவித்துப் பள்ளி நடத்தச் செய்தார். சிறுவர்கள் மணலில் விரலால் எழுத, கல்லூரி கண்ட அவ்வறிஞரும் அவர்களோடு அமர்ந்து மணலில் எழுதினார். போர்த்துகீசு மொழியறிந்த தமிழர் ஒருவர் பொருள் விளக்க உதவினார். ஓராண்டு நிரம்புமுன்னரே தமிழிற் பேசும் ஆற்றல் அவர்க்கு வாய்த்தது.

பின்னர் அவர் தம் கல்விக்கு வகுத்துக்கொண்ட ஒழுங்கு வியக்கத்தக்கது. கால அட்டவணையோடு நாள்தோறும் உழலும் புகைவண்டித் துறையினராகிய நமக்கு அது தனி மகிழ்ச்சி தருகின்றது. காலை ஏழு மணி முதல் எட்டு மணி வரை கற்ற சொற்களை மீட்டும் ஓதுவார். எட்டு மணி முதல் நண்பகல் வரை முன்பு படித்தறியாத தமிழ் நூல்களையே படிப்பார். முதிய புலவர் ஒருவர் அருகிருந்து பொருள் கூறுவார். எழுத்தர் ஒருவர் புதுச் சொற்களைக் குறித்துக்கொள்வார். பிற்பகலிலும் படிப்புத் தொடரும். இரவிற் கண்ணுக்கு ஓய்வளித்துப் பிறரைப் படிக்கச் சொல்லிக் கேட்பார்.

நூல் தேடுவதிலும் அவர் சளைத்தாரில்லை. எழுத்தர்களை ஊரூராக அனுப்பி ஓலைச்சுவடிகளை விலைக்கு வாங்குவித்தார். தாம் திரட்டிய நூல்களின் பட்டியலை 1708ஆம் ஆண்டு எழுதினார். தொல்காப்பியமும் திருக்குறளும் அதில் இடம்பெற்றுள்ளன. அதே ஆண்டு நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகிய மூன்றையும் செர்மானிய மொழியிற் பெயர்த்தார். தமிழரை நாகரிகமற்றோர் என ஐரோப்பியர் எண்ணியது அவர்தம் மொழியறியாப் பிழையேயென்றும், அவர்க்குச் சிறந்த நீதி நூல்களும் கலைகளும் உளவென்றும் தம் நாட்டார்க்கு எழுதினார். நம் வழிபாட்டு முறைகளை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. அதனை அவர் மறைத்ததுமில்லை. எனினும் மறுப்பதற்கு முன் கற்றறிய வேண்டும் என்னும் நேர்மை அவரிடம் இருந்தது.

சொல் தேடிய பணி

அவர் தமிழிற் பெயர்த்த தொடக்க நூல்களுள் லூதரின் சிறிய ஞானோபதேசம் ஒன்று. விசுவாசப்பிரமாணத்தைப் பெயர்க்கும்போது முதல் அடியிலேயே இடர்ப்பாடு எழும். இறைவனைத் தமிழில் எச்சொல்லால் குறிப்பது? வழங்கிவந்த சொற்கள் பலவும் வேறு சமய நினைவுகளைத் தாங்கி நின்றன. தமக்கு முன் இந்நாட்டில் உழைத்த கத்தோலிக்கத் துறவியர் எழுதிய நூல்கள் அவர் கைக்குக் கிட்டின. தம் சபையினின்று வேறுபட்டவர் என்று அவற்றை ஒதுக்காமல், அவர்கள் ஆண்ட சறுவேசுரன் என்னும் சொல்லை ஏற்றுக்கொண்டார். அவர்க்குப் பின் வந்தோர் பராபரன் என்றும், தேவன் என்றும் மாற்றினர். ஒரு சொல்லைத் தேடித் தலைமுறைகள் உழைத்தன என்பதனால் அப்பணியின் அருமை புலப்படும்.

1707ஆம் ஆண்டு மே 12ஆம் நாள் ஐவர் அவரிடம் ஞானஸ்நானம் பெற்றனர். அவர்கள் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாயிருந்தோர். தம்மைப் பிறருடைமை எனவே கேட்டுப் பழகிய அவ்வெளியோர், கடவுள் என்னைப் படைத்தார், என்னை மீட்டார் என்று கற்றனர் என எண்ணுங்கால் நெஞ்சு நெகிழ்கின்றது. அவ்வாண்டிலேயே மக்களுக்கென ஒரு சிறு கோயிலும் எழுந்தது. ஆண்பிள்ளைகட்கும் பெண்பிள்ளைகட்கும் பள்ளிகள் தோன்றின.

சிறையும் வேதமொழிபெயர்ப்பும்

1708ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் புதிய ஏற்பாட்டை மூல மொழியாகிய கிரேக்கத்தினின்று தமிழாக்கத் தொடங்கினார். மறுதிங்களே அப்பணிக்குத் தடை நேர்ந்தது. ஓர் ஏழை விதவையின் வழக்கில் அவர் பரிந்து பேசியமை ஆளுநரின் சினத்தைத் தூண்டிற்று. அவர் டேன்சுபர்க் கோட்டையில் நான்கு திங்கள் சிறையிருந்தார். எழுதுகோலும் தாளும் முதற்கண் அவர்க்கு மறுக்கப்பட்டன. 1709ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்தவுடன், விட்ட இடத்திலிருந்து பணியைத் தொடர்ந்தார். 1711ஆம் ஆண்டு மார்ச்சில் புதிய ஏற்பாடு முழுதும் தமிழாயிற்று.

அச்சேறிய கதை தனிக் கதை. இலண்டனில் இருந்த கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தார் ஓர் அச்சுப்பொறி அனுப்பினர். வரும் வழியில் பிரேசில் கரையருகே கப்பல் பிரெஞ்சுக்காரர் கையிற் சிக்கியது. அச்சுப்பொறி தப்பியது, ஆனால் அதனை இயக்க வந்த அச்சர் கடலிலேயே நோயுற்று மாண்டார். தமிழ் அச்செழுத்துக்கள் ஆல்லே நகரில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை பெரியனவாயிருந்தமையால் தாள் மிகுதியாகச் செலவாயிற்று. எனவே இங்கேயே சிற்றெழுத்துக்கள் வார்த்தனர். இங்கிலாந்திலிருந்து வந்த பாலாடைக்கட்டிகளைப் பொதிந்திருந்த ஈயத்தகடும் அதற்காக உருக்கப்பட்டதென்பர். 1714இல் நற்செய்தி நூல்களும் அப்போஸ்தலர் நடபடிகளும், 1715இல் புதிய ஏற்பாடு முழுதும் வெளிவந்தன. இந்திய மொழிகளுள் புதிய ஏற்பாட்டை முழுதும் அச்சிற் கண்ட முதல் மொழி என்னும் பெருமை நம் தமிழுக்குக் கிடைத்தது.

பிற நூல்களும் இறுதி நாட்களும்

தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிய விரிவான நூலொன்றை 1713இல் எழுதி ஆல்லேக்கு அனுப்பினார். பொய்ச்சமயத்தை ஒழிக்கச் சென்றவர் அதனை ஐரோப்பாவிற் பரப்புதல் தகாது என்று பிராங்கே அதனை அச்சிட மறுத்துவிட்டார். அந்நூல் 1867ஆம் ஆண்டுதான் சென்னையில் அச்சேறியது. ஐரோப்பாவுக்குச் செல்லும் கடற்பயணத்திலும் வாளா இராது இலத்தீன் மொழியில் ஒரு தமிழ் இலக்கணம் வரைந்தார். அது 1716இல் ஆல்லேயில் வெளிவந்தது. அப்பயணத்தின்போது மரியா டொரோத்தியா அம்மையாரை மணந்து, அவருடன் தரங்கம்பாடி மீண்டார். 1718ஆம் ஆண்டு அக்டோபர் 11ஆம் நாள் புதிய எருசலேம் ஆலயம் திறக்கப்பட்டது.

எல்லாம் கைகூடிய வேளையில் எதிர்ப்பு தாய்நாட்டினின்றே வந்தது. கோபன்கேகனில் இருந்த சங்கச் செயலாளர், பழைய அப்போஸ்தலரைப் போல உடைமையேதுமின்றி ஊர் ஊராகச் சென்று போதிப்பதே போதகர் கடன், பள்ளியும் கட்டடமும் வேண்டா என்னும் கருத்தினராய்க் கடிந்து எழுதினார். முன்னமே நலிந்திருந்த அவர் உள்ளத்தை அம்மடல் உடைத்தது. 1719ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் நாள் சீகன்பால்க் இறைவனடி சேர்ந்தார். அகவை முப்பத்தாறே. பழைய ஏற்பாட்டில் ரூத் நூல் வரையிலுமே தமிழாக்கம் முற்றுப்பெற்றிருந்தது. எஞ்சியதைப் பெஞ்சமின் சூல்சு முடித்தார். பின்னர் பெப்ரீசியசு முழு வேதத்தையும் புதிதாகப் பெயர்த்தார்.

அவர்தம் உடல் அவர் எடுப்பித்த ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டது. அவ்வாலயம் தரங்கம்பாடிக் கடற்கரையருகே இன்றும் நிற்கின்றது. தரங்கம்பாடியினின்று சென்ற ஓலைச்சுவடிகள் ஆல்லே நகரில் இன்றும் பேணப்படுகின்றன.

நாம் கொள்ளத்தக்கது

ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகளே பணி செய்தவர் அவர். அதில் சிறையும் நோயும் கடற்பயணமும் கொண்ட காலம் போக எஞ்சியது சிறிதே. அச்சிறு காலத்தில் அவர் இத்துணையும் இயற்றியதன் காரணம் யாது? ஒருவன் தான் உயிரெனப் போற்றும் உண்மையைப் பிறர்க்கு அளிக்க விழைந்தால், முதலில் அப்பிறர்தம் மொழிக்கு மாணவனாதல் வேண்டும் என்பதை அவர் அறிந்திருந்தார். கற்பிக்க வந்தவர் கற்க அமர்ந்தார். அதுவே அவர் பெருமை.

நம் பிள்ளைகள் பள்ளியில் இந்தியும் ஆங்கிலமும் பயில்கின்றனர், அது நன்றே. ஆனால் நம் முன்னோர் நம்பியதையும், நாம் நம்புவதையும், எனக்காக என்று உளமாரச் சொல்லும் மொழி அவர்கட்கு வீட்டில் கிடைத்தல் வேண்டும். குடும்பத் தலைவனே முதல் ஆசிரியன் என்று லூதர் கண்டார். அவர்தம் சமயத்தார்க்கு அவர் கூறியதாயினும், எச்சமயத்து இல்லத்திற்கும் அது பொருந்தும். எங்கோ பிறந்த ஒருவர் மணலில் எழுதிக் கற்ற தமிழை, அதில் பிறந்த நம் மக்கள் இழத்தல் ஆகாது. மாலையில் அரைமணி நேரம் அவர்களை அருகமர்த்தி ஒரு தமிழ்ப் பாடலேனும் ஓதுவிப்போமாக.

வாழ்க சீகன்பால்க் திருப்பெயர்! வளர்க தமிழ்!