வேதசாட்சி தேவசகாயம்: யாத்திரையும் விசாரணையும்

தச்சநல்லூரிலிருந்து தாமிரபரணியைக் கடந்து, நாங்குனேரி, வள்ளியூர் வழியாக நாகர்கோவில் செல்வோருக்கு ஆரல்வாய்மொழிக் கணவாயருகே காற்றாடிமலை என்னும் குன்று தோன்றும். அங்குள்ள வியாகுல மாதா கோவிலையும், தேவசகாயம் என்னும் வேதசாட்சி உயிர்விட்ட பாறையையும் தரிசிக்க நம் ஜில்லாவிலிருந்து ஜனங்கள் யாத்திரை செல்வது யாவரும் அறிந்ததே. அப்பெரியாருடைய சரித்திரத்தையும், அவரது பரிசுத்தத்தைத் திருச்சபை ஆராய்ந்து தெளிந்த விதத்தையும் இங்குச் சுருக்கமாய் வரைவாம்.

நம் சரித்திர நாயகர் 1712-ஆம் வருஷம் ஏப்ரல் 23-ந் தேதி நட்டாலம் என்னும் ஊரில் நாயர் குலத்துச் செல்வக் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் நீலகண்டன். திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்டவர்மாவின் பத்மநாபபுரம் அரண்மனையில் உத்தியோகம் வகித்தார். 1741-இல் நடந்த குளச்சல் யுத்தத்திற்குப் பின் மன்னரிடம் படைத்தலைவராய் அமர்ந்த டிலனாய் என்பவர் அவருக்கு நண்பரானார். பொருள் நஷ்டத்தால் மனமுடைந்திருந்த நீலகண்டனுக்கு அவர் யோபுவின் சரித்திரத்தை எடுத்துரைத்தார். அதுவே வித்தாயிற்று. 1745-ஆம் வருஷம் மே மாதத்தில் நம் ஜில்லாவைச் சேர்ந்த வடக்கன்குளத்தில் சேசுசபைக் குருவாகிய புத்தாரி சுவாமியார் அவருக்கு ஞானஸ்நானம் அளித்தார். லாசரஸ் என்னும் வேதாகமப் பெயரின் தமிழாக்கமே தேவசகாயம் என்பது. அவர் மனைவியும் ஞானப்பூ என்னும் பெயருடன் ஞானஸ்நானம் பெற்றார்.

அதுமுதல் அவர் சாதி பேதம் பாராது எல்லாருடனும் கலந்து பழகினார். அரண்மனையில் பலருக்கு அது பொறுக்கவில்லை. 1749-இல் சிறைப்படுத்தப்பட்டு, எருக்கம்பூ மாலை சூட்டப்பட்டு, எருமைமேல் ஏற்றி ஊர் ஊராய் இழுத்துச் செல்லப்பட்டார். பெருவிளையில் வேப்பமரத்தில் அவர் கட்டுண்டு கிடந்த காலத்திலேயே ஜனங்கள் ஆசி வேண்டி அவரிடம் வரத் தொடங்கினர். 1752-ஆம் வருஷம் ஜனவரி 14-ந் தேதி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். அவரது எலும்புகள் கோட்டாறு சவேரியார் கோவிலில் அடக்கம் செய்யப்பட்டன.

இங்ஙனம் பக்தி முந்திற்று, தீர்ப்புப் பிந்திற்று. புலியூர்க்குறிச்சியில் அவர் முழங்கையால் இடித்த பாறையில் நீர் சுரந்தது என்று கூறி, யாத்திரிகர் இன்றும் அந்நீரைப் பருகுகின்றனர். திருச்சபை இதைத் தடுக்கவில்லை. ஆயின் தன் தீர்ப்பை இதன்மேல் கட்டவுமில்லை. அது கேட்ட கேள்வி ஒன்றே: இவர் எதற்காகக் கொல்லப்பட்டார்? அரசாங்கக் குற்றத்திற்காகவே தண்டிக்கப்பட்டார் என வாதித்த சரித்திர ஆசிரியர்களும் உண்டு. கொச்சி மேற்றிராணியார் 1756-லேயே உரோமைக்கு விவரம் அனுப்பியிருந்தும், விசுவாசத்திற்காகவே அவர் கொல்லப்பட்டார் என்னும் முடிவு 2012-ஆம் வருஷம் ஜூன் 28-ந் தேதிதான் வெளியாயிற்று. அவ்வருஷம் டிசம்பர் 2-ந் தேதி நாகர்கோவிலில் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்னும் பட்டம் அளிக்கப்பட்டது. வேதசாட்சிகளுக்கு அப்பட்டம் அளிக்கப் புதுமை வேண்டுவதில்லை. அடுத்த பட்டத்திற்கோ ஒரு புதுமை வேண்டும். கருவில் உயிரற்றதென வைத்தியர்கள் கைவிட்ட சிசு ஒன்று பிழைத்த செய்தியை ஆராய்ந்து, 2020-இல் பாப்பரசர் பிரான்சிஸ் அதனை ஏற்றார். 2022-ஆம் வருஷம் மே 15-ந் தேதி உரோமையில் அவர் அர்ச்சியசிஷ்டராக அறிவிக்கப்பட்டார். இந்திய தேசத்துப் பொதுநிலையினரில் அப்பட்டம் பெற்ற முதல்வர் இவரே.

தேவமாதா காட்சியளித்ததாகச் சொல்லப்படும் ஸ்தலங்களிலும் திருச்சபை இந்நிதானத்தையே கைக்கொள்ளுகிறது. 2024-ஆம் வருஷம் மே மாதம் உரோமை வெளியிட்ட புதிய விதிகளின்படி, காட்சி தெய்விகமானதே என்று தீர்ப்பளிப்பது வழக்கமன்று. அங்கு நிகழும் பக்திக்குத் தடையுண்டா இல்லையா என்பதே முக்கியமாய் ஆராயப்படும். பணமும் புகழும் தேடும் எண்ணம், போதனையில் தவறு, பிரிவினை மனப்பான்மை ஆகியவை கெட்ட அடையாளங்கள். மனந்திரும்புதலும் பிறரன்பும் நல்ல கனிகள். மோர் விற்ற முடவச் சிறுவனுக்குத் தேவமாதா தோன்றிய கதை வேளாங்கண்ணியில் தலைமுறை தலைமுறையாய் வழங்கி வருவது. அத்தலத்தைப் புகழ்ந்து 2024 ஆகஸ்டில் உரோமை எழுதிய கடிதமும் அங்கு விளையும் ஆன்மிகக் கனிகளையே பெரிதாய்ப் பாராட்டிற்று. எனவே, சுரூபத்தில் கண்ணீர் கண்டதாகச் செய்தி கேட்டவுடனே வண்டி கட்டுவதும், அவ்விதச் செய்தியைக் கேட்டவுடனே நகைப்பதும் இரண்டும் தகா. பொறுத்திருந்து கனியைப் பார்ப்பதே முறை.

அக்கனியை நம்மிடத்திலும் பார்க்கவேண்டுமன்றோ? தேவசகாயம் ஞானஸ்நானம் பெற்ற அதே வடக்கன்குளத்தில், 1872-இல் எழுந்த கோவில் சாதிக்கொரு பக்கமாய்ச் சுவரால் பிரிக்கப்பட்டிருந்தது. 1910-இல்தான் அச்சுவர் இடிக்கப்பட்டது. பிள்ளை என்று நெடுங்காலம் வழங்கிவந்த சாதிப்பெயரை நீக்கியே 2022-இல் உரோமை அவரை அழைத்தது. ஒரு குலத்தார் நடத்தும் இப்பத்திரிகையில் இதனை எழுதாது விடுவது நேர்மையாகாது. நம் பிள்ளைகளின் படிப்புக்கும் ஏழைகளின் கலியாணத்துக்கும் சங்கம் கூடுவது நன்று. பிறரைத் தள்ளிவைக்கக் கூடுவது நன்றன்று. காற்றாடிமலை ஏறித் திரும்பியும் அயலானோடு ஒரே பந்தியில் அமரக் கூசுகிறவன் கண்டுவந்தது பாறையையேயன்றி, வேதசாட்சியை அன்று.