கோப்பைக்குப் பெயர் கொடுத்த விமானி



சுப்ரதோ கப் என்றால் நம்ம பள்ளியில் தெரியாதவர்களே கிடையாது. பி.டி. சார் செலக்‌ஷன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சாப்பாட்டு டப்பாவை மூடி வைத்துவிட்டு கிரவுண்டுக்கு ஓடுகிற ஆட்கள் நாம். ராயபுரம், காசிமேடு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் என்று எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு சந்தில் பந்து உருண்டுகொண்டுதான் இருக்கும். சரி, சுப்ரதோ என்பது யார்? இந்த சுவர் இதழுக்காகப் பத்துப் பேரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவன் பழைய கால்பந்து வீரர் என்றான். இன்னொருவன் கோப்பை செய்து கொடுத்த கம்பெனி என்றான். ஒரு அண்ணன் ரொம்ப யோசித்துவிட்டு, அது வடக்கே ஒரு ஊர் என்றார்.

மூன்றுமே இல்லை. அவர் ஒரு போர் விமானி. பெயர் சுப்ரதோ முகர்ஜி. இந்திய விமானப்படைக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர்.

1911 மார்ச் 5 அன்று கல்கத்தாவில் பிறந்தார். அப்பா சதீஷ் சந்திர முகர்ஜி, ஐ.சி.எஸ். அதிகாரி. அம்மா சாருலதா. நான்கு பிள்ளைகளில் இவர்தான் கடைக்குட்டி. அம்மாவின் அப்பா பிரசன்ன குமார் ராய், கல்கத்தா மாநிலக் கல்லூரிக்கு முதல் இந்திய முதல்வராக இருந்தவர். அக்கா ரேணுகா ராய் பிற்காலத்தில் அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினராக இருந்தார். ஆக, நன்றாகப் படித்த வசதியான குடும்பம். நம்மைப் போல ஃபீஸ் கட்ட யோசித்த குடும்பம் இல்லை. அதையும் சொல்லிவிட வேண்டும் அல்லவா?

அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு விமானி இருந்தார். சுப்ரதோவுக்கு அம்மா வழியில் மாமா முறை. பெயர் இந்திர லால் ராய். முதல் உலகப் போரில் ஆங்கிலேயரின் விமானப்படையில் சேர்ந்து பிரான்ஸ் நாட்டு வானத்தில் சண்டை போட்டவர். 1918 ஜூலை மாதத்தில் பதின்மூன்றே நாட்களில் 10 எதிரி விமானங்களை வீழ்த்தினார். அதே ஜூலை 22ஆம் தேதி அவர் விமானமும் வீழ்த்தப்பட்டது. அப்போது அவருக்கு வயது 19. நம்ம பிளஸ் டூ அண்ணன்களை விட ஒரு வயதோ இரண்டு வயதோதான் பெரியவர். சுப்ரதோவுக்கு அன்று ஏழு வயது.

மாமா இறந்த அதே தொழிலுக்கு மருமகனும் போனார்.

ஆனால் போவது சுலபமாக இல்லை. அந்தக் காலத்தில் இந்தியாவுக்கென்று தனி விமானப்படையே கிடையாது. இங்கே பறந்தது எல்லாம் ஆங்கிலேயரின் ராயல் ஏர்ஃபோர்ஸ். இந்தியர்களால் விமானம் ஓட்ட முடியுமா, ஓட்டினாலும் அதைக் கட்டிக் காக்க முடியுமா என்ற சந்தேகம் வெள்ளைக்கார அதிகாரிகள் பலருக்கு இருந்தது. இந்தியர்கள் கேட்டுக் கேட்டு, கடைசியில் 1930ல் ஆறு இளைஞர்களைத் தேர்ந்தெடுத்து இங்கிலாந்தில் உள்ள க்ரான்வெல் விமானப்படைக் கல்லூரிக்கு அனுப்பினார்கள். அதில் ஒருவர் சுப்ரதோ. ஆறு பேரில் டாண்டன் என்பவர் உயரம் கம்மி என்பதால் விமானி ஆக முடியவில்லை, தளவாடப் பிரிவுக்குப் போய்விட்டார். (உயரம் கம்மி என்று வாலிபால் டீமில் சேர்க்க மறுக்கப்பட்ட என் நண்பன் இதைக் கேட்டு ரொம்ப வருத்தப்பட்டான்.)

மீதி ஐந்து பேர் விமானிகள் ஆனார்கள். ஹரீஷ் சந்திர சர்க்கார், சுப்ரதோ முகர்ஜி, பூபேந்திர சிங், ஐசாத் பக்ஷ் அவான், அமர்ஜித் சிங். இவர்கள் அதிகாரிகளாகப் பதவி ஏற்ற நாள் 1932 அக்டோபர் 8. அந்த நாளைத்தான் ஒவ்வொரு வருஷமும் விமானப்படை தினமாகக் கொண்டாடுகிறோம். 2024 அக்டோபர் 6 அன்று மெரினாவில் விமான சாகசம் நடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? அது 92ஆவது ஆண்டு விழாவுக்காக நடந்தது. அன்றைக்கு வானத்தைப் பிளந்துகொண்டு போன அத்தனை விமானங்களுக்கும் ஆரம்பம் இந்த ஐந்து பேர்தான்.

1933 ஏப்ரல் 1 அன்று கராச்சியில் முதல் ஸ்குவாட்ரன் தொடங்கியது. மொத்தம் நாலே நாலு விமானங்கள். வாபிடி என்று பெயர். வாபிடி என்றால் அமெரிக்காவில் இருக்கும் ஒரு பெரிய மான். பெயரைக் கேட்டு ஏமாந்துவிடாதீர்கள். மேலே ஒன்று கீழே ஒன்று என்று இரட்டை இறக்கை, மூடி இல்லாத இருக்கை, முன்னால் விமானி, பின்னால் துப்பாக்கியோடு ஒருவர். மணிக்கு சுமார் 200 கிலோமீட்டர் வேகம். காசை மிச்சம் பிடிக்க, அதற்கு முந்தைய விமானத்தின் இறக்கைகளே இதற்கும் பொருந்துகிற மாதிரி வடிவமைத்திருந்தார்கள். தரையில் வேலை செய்த இந்தியர்களுக்கு ஹவாய் சிப்பாய் என்று பெயர். வானத்துச் சிப்பாய் என்று அர்த்தம். தலைமை தாங்கியவர் ஆங்கிலேயர்.

தொடங்கி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. 1933லேயே பூபேந்திர சிங்கும் அமர்ஜித் சிங்கும் விமான விபத்தில் இறந்துபோனார்கள். ஐந்தில் இரண்டு பேர் போய்விட்டார்கள். கொஞ்ச காலத்தில் சர்க்காரும் பணியை விட்டுப் போக வேண்டியதாயிற்று. இந்தியர்களால் முடியாது என்று சொல்லக் காத்திருந்தவர்களுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? மிஞ்சி இருந்தவர்கள் ஒரு தப்பு செய்தால்கூட அது அவர்கள் தப்பாக மட்டும் இருந்திருக்காது, இந்தியர்கள் எல்லோருடைய தப்பாகவும் ஆகியிருக்கும். சுப்ரதோவைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு ரொம்பப் பெரிதாகத் தெரிந்தது இதுதான். சாகசம் செய்தவர்கள் நிறைய பேர் உண்டு. இவர் தினம் தினம் தப்பில்லாமல் வேலை செய்து, விழாமல், விலகாமல், அங்கேயே நின்றார்.

அவர்களுக்குக் கொடுத்த வேலை வடமேற்கு எல்லைப்புறத்தில். இன்று அது பாகிஸ்தானில் இருக்கிறது. மொட்டை மலைகள், அதில் துப்பாக்கியோடு பழங்குடி வீரர்கள், அவர்களை அடக்க ஆங்கிலேயரின் ராணுவம். அந்த ராணுவத்துக்கு மேலேயிருந்து உதவுவது விமானங்களின் வேலை. இங்கே ஒரு கேள்வி வரும். அந்த மலை ஜனங்களும் ஆங்கிலேயரை எதிர்த்தவர்கள்தானே? அவர்களுக்கு எதிராக இந்தியரே பறந்தது சரியா? எங்கள் வரலாறு ஆசிரியரிடம் கேட்டேன். அன்றைய சிப்பாய் ஒவ்வொருவர் மேலும் கேட்க வேண்டிய கேள்வி அது என்று சொல்லி, பதிலை எங்களிடமே விட்டுவிட்டார். எனக்கும் இன்னும் முடிவாகத் தெரியவில்லை.

1939 மார்ச்சில் முதல் ஸ்குவாட்ரனுக்கு சுப்ரதோவே தலைவர் ஆனார். ஒரு ஸ்குவாட்ரனுக்குத் தலைமை தாங்கிய முதல் இந்தியர் அவர்தான். அதே வருஷம் சாரதா பண்டிட் என்ற மராட்டியப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டார்.

இனி சாக்ஸ் கதை. 1940 ஆகஸ்ட் மாதம். மலை உச்சியில் ஒரு காவல் சாவடி. அதில் இருந்த இந்தியச் சிப்பாய்களை எதிரிகள் சுற்றி வளைத்துவிட்டார்கள். கையில் இருந்த தோட்டா தீர்ந்துகொண்டிருந்தது. மேலே பறந்துகொண்டிருந்த சுப்ரதோவுக்கு இது தெரிந்தது. திரும்பிப் போய் தோட்டாப் பெட்டி எடுத்து வர நேரம் இல்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? பின் இருக்கைத் துப்பாக்கியில் போட்டிருந்த தோட்டாக்களையே ஒவ்வொன்றாகக் கழற்றி, காலில் போட்டிருந்த சாக்ஸுக்குள் நிரப்பி, முடிச்சுப் போட்டு, தாழப் பறந்து சாவடிக்குள் போட்டார்கள். கீழே இருந்தவர்கள் அதை வைத்து உதவி வரும்வரை தாக்குப்பிடித்தார்கள். யோசித்துப் பாருங்க, தோட்டாவைக் கொடுத்த பிறகு இவர்களைக் காப்பாற்ற அந்தத் துப்பாக்கியில் எதுவும் இல்லை. மூடி இல்லாத விமானம், கீழேயிருந்து சுடுகிறார்கள், அதிலும் தாழப் பறக்க வேண்டும்.

வாபிடியைப் பற்றிச் சொன்னேன் அல்லவா? அது நம்ம ஊர் வானத்திலும் பறந்திருக்கிறது. இரண்டாம் உலகப் போர் தொடங்கியதும் துறைமுகங்களைக் காக்கக் கடலோரக் காவல் விமானப் பிரிவுகளை உண்டாக்கினார்கள். அதில் முதல் எண் கொண்ட பிரிவு மெட்ராஸில், பரங்கிமலையில் இருந்தது. 1914 செப்டம்பர் 22 ராத்திரி எம்டன் கப்பல் வந்து குண்டு போட்டு, நம்ம துறைமுகத்துப் பக்கம் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த கதை இங்கே எல்லா வீட்டிலும் தாத்தா பாட்டி சொல்வதுதான். அந்தப் பயம் போகவில்லை. எல்லையிலிருந்து கழித்துவிட்ட பழைய வாபிடிகளை வைத்துக்கொண்டு, இந்தத் துறைமுகத்துக்கு வந்து போகும் கப்பல்களுக்குக் காவலாகக் கடல் மேல் சுற்றி வந்தார்கள். ஒற்றை இன்ஜின். நடுக்கடலில் அது நின்றுபோனால் அவ்வளவுதான். நம்ம ஊர் மீனவர்களுக்கு இந்தக் கவலை நன்றாகப் புரியும்.

1943ல் கோஹாட் விமானத் தளம் முழுவதும் சுப்ரதோவின் பொறுப்பில் வந்தது. அதுவும் இந்தியர் ஒருவருக்கு முதல் முறை. 1947ல் சுதந்திரம் வந்தபோது இந்திய விமானப்படையின் இந்திய அதிகாரிகளில் மூத்தவர் அவர்தான். அப்படியென்றால் உடனே தலைமைப் பதவி கொடுத்திருப்பார்கள் என்றுதான் நானும் நினைத்தேன். இல்லை. எல்ம்ஹர்ஸ்ட், ஐவ்லா சாப்மன், கிப்ஸ் என்று மூன்று ஆங்கிலேயர்கள் அடுத்தடுத்து தலைவர்களாக இருந்தார்கள். தரைப்படைக்கு 1949லேயே கரியப்பா வந்துவிட்டார். விமானப்படைக்கு 1954 ஏப்ரல் 1 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அன்றுதான் சுப்ரதோ பொறுப்பேற்றார். வயது 43. (கடற்படை இன்னும் தாமதம். 1958ல்தான் கட்டாரி வந்தார். அவர் பிறந்தது நம்ம செங்கல்பட்டில்!)

அவர் தலைவராக இருந்த ஆறரை ஆண்டுகளில் விமானப்படை அடையாளம் தெரியாமல் மாறியது. மிஸ்டியர், ஹன்டர், கான்பரா, நாட் என்று புதுப்புது ஜெட் விமானங்கள் வந்து சேர்ந்தன. 200 கிலோமீட்டர் வேகத்தில் காற்று முகத்தில் அடிக்கப் பறக்க ஆரம்பித்தவர், 1,000 கிலோமீட்டருக்கு மேல் வேகம் போகும் ஹன்டர் விமானங்களைத் தன் படைக்குக் கொண்டுவந்தார். விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கே பாடம் நடத்தும் பயிற்சிப் பள்ளி 1954ல் தாம்பரத்துக்கு வந்தது. நம்ம பீச் ஸ்டேஷனில் ஏறினால் போய் இறங்கும் அதே தாம்பரம்தான்.

இத்தனைக்கும் நடுவில் அவருக்குப் பைத்தியம் கால்பந்து. கல்கத்தாக்காரர் அல்லவா, அதில் மோகன் பகான் கட்சி. பள்ளிப் பிள்ளைகளுக்காக அகில இந்திய அளவில் ஒரு கால்பந்துப் போட்டி நடத்த வேண்டும் என்பது அவருடைய யோசனை. அப்போது டெல்லியில் பெரியவர்களுக்குப் போட்டி இருந்தது, பள்ளிகளுக்கு அப்படி ஒன்று இல்லை. 1960ல் அது தொடங்கியது. இன்று பெண்கள் பிரிவும் இருக்கிறது, வெளிநாட்டுப் பள்ளிகள்கூட வந்து ஆடுகின்றன. நாம் ஆடுவது மாவட்ட அளவு, ஜெயித்தால் மாநில அளவு, அதிலும் ஜெயித்தால் டெல்லி. விமானப்படைதான் இன்றும் முன்னின்று நடத்துகிறது.

அதே 1960 நவம்பர் 8ஆம் தேதி சுப்ரதோ டோக்கியோவில் இருந்தார். கடற்படையில் இருந்த நண்பர் ஒருவரோடு இரவு ஓட்டலில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். உணவுத் துண்டு ஒன்று மூச்சுக்குழாயில் சிக்கிக்கொண்டது. மருத்துவர் வருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கூடப் படித்த இருவரைக் கொன்ற வானம் இவரை ஒன்றும் செய்யவில்லை. எல்லைப்புறத்துத் தோட்டாக்களும் ஒன்றும் செய்யவில்லை. சாப்பாட்டு மேஜையில் போய் இப்படி நடந்தது. இதைப் படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை, இரண்டு புத்தகங்களில் தேடிப் பார்த்துத்தான் எழுதுகிறேன். தொண்டையில் சிக்கினால் வயிற்றுக்கு மேலே இரண்டு கையாலும் அழுத்தித் தள்ளுகிறார்களே, நமக்கு முதலுதவி வகுப்பில் சொல்லிக் கொடுத்தது, அந்த முறை 1974ல்தான் உலகத்துக்குத் தெரிய வந்தது.

உடலை விமானத்தில் டெல்லி பாலம் நிலையத்துக்குக் கொண்டுவந்தார்கள். முழு ராணுவ மரியாதை. இறுதி ஊர்வலத்தின் மேலே 49 விமானங்கள் பறந்து போயின. அவர் வயதுக்கு, வருஷத்துக்கு ஒன்றாக.

சாரதா முகர்ஜி அதோடு வீட்டுக்குள் அடங்கிவிடவில்லை. 1962ல் ரத்னகிரி தொகுதியில் நின்று ஜெயித்து நாடாளுமன்றம் போனார். 1977ல் ஆந்திராவுக்கும் அடுத்த வருஷம் குஜராத்துக்கும் ஆளுநர் ஆனார். அவரைப் பற்றியே தனியாக எழுதலாம். இந்தத் தாளில் இடம் இல்லை, கீழே கணக்குப் புதிர் போட வேண்டும் என்று பக்கத்தில் ஸ்கெட்ச் பேனாவோடு நிற்கிறார்கள்.