கொடையால் நிலைத்த செல்வம்
(செட்டிநாட்டரசர் அண்ணாமலைச் செட்டியார்)

செல்வத்தின் பயன் ஈதலே என்பது நம் முன்னோர் கொள்கை. பூதலூருக்கு மேற்கே கல்லணையில் மிகுந்த நீர் கொள்ளிடத்தில் இறங்கிக் கிழக்கே சென்று, தில்லைக்குத் தென்பால் கடலை அடைகின்றது. அத்தில்லைப் பதியில் கல்விக்கோர் ஆலயம் எடுத்தவர் அரசர் சர் அண்ணாமலைச் செட்டியார்.

1881-ஆம் ஆண்டு கானாடுகாத்தானில் நகரத்தார் குடியில் அவர் தோன்றினார். வாணிப இலாபத்தில் ஒரு பகுதியை மகமையென ஒதுக்கி, இறைவன் பெயரில் கணக்கெழுதித் திருப்பணி புரிவது அம்மரபினர் வழக்கம். முன்னோர் வளர்த்த வட்டித் தொழிலை அண்ணாமலைச் செட்டியார் பர்மா, இலங்கை, மலாயா நாடுகளில் பெருக்கினார். செட்டிநாடு வங்கியையும் நிறுவினார். 1923-இல் சர் பட்டமும், 1929-இல் ராஜா பட்டமும் அவரை அடைந்தன.

கோயிற்பணிக்கென வளர்ந்த மகமை நெறியை அவர் கல்விக்கும் விரித்தார். 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். தமிழ்க் கல்லூரி கண்டபோது, தஞ்சைத் தரணியின் உத்தமதானபுரத்தைச் சொந்த ஊராகக் கொண்ட மகாமகோபாத்தியாய சாமிநாதையரை அழைத்து, 1924-இல் அதன் தலைமையை ஒப்புவித்தார். பின்னர் இருபது இலட்சம் ரூபாயுடன் தம் கல்லூரிகளையும் அளிக்க, 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் மலர்ந்தது. சட்டப்படி மாகாண ஆளுநர் வேந்தராக, அரசர் இணைவேந்தராக அமர்ந்தார். வலங்கைமான் தந்த சீனிவாச சாஸ்திரியார் 1935 முதல் 1940 வரை துணைவேந்தராக விளங்கினார்.

தமிழ்நாட்டுக் கச்சேரி மேடைகளில் தமிழ்ப் பாடல்கள் அருகியிருந்தமை அரசர் உள்ளத்தை வருத்தியது. சீகாழி முத்துத்தாண்டவரும் தில்லைவிடங்கன் மாரிமுத்தாப் பிள்ளையும் பாடிய நாட்டிலேயே அந்நிலை இருந்தது. 1941-இல் பல்கலைக்கழகத்தில் கூடிய இசை மாநாடு தமிழ்ப் பாடல்களுக்கு முதலிடம் வேண்டிற்று. இசைக்கு மொழி வேலியாகலாகாது எனச் சென்னை வித்துவான்கள் பலர் எதிர்த்தனர். அரசர் தளரவில்லை, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கத்தை நிறுவினார்.

இவ்வறங்கள் வளர்ந்த காலத்திலேயே பர்மாச் செல்வம் ஆட்டங்கண்டது. 1930-க்குப் பின் நெல் விலை வீழ்ந்தது; கடன்பட்ட உழவர் நிலமிழந்து வருந்தினர். 1937-இல் கீழ்ப் பர்மாவின் முதன்மையான நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு நிலம் செட்டிமார் கையில் இருந்தது. அதனால் அந்நாட்டவர் மனக்கசப்பும் வளர்ந்தது. 1942-இல் ஜப்பானியர் புகவே தனவணிகர் பலரும் உடைமைகளை விட்டுத் தாயகம் திரும்பினர். 1948-இல் பர்மிய அரசு நிலங்களைப் பொதுவுடைமையாக்கச் சட்டம் இயற்றியது.

அவ்வாண்டு ஜூன் 15-இல் அரசர் சிவபதம் அடைந்தார். கடல் கடந்து நகரத்தார் ஈட்டிய நிலங்கள் கைநழுவின; தில்லையில் அவர் ஈந்தது நின்றது. 2013-இல் பல்கலைக்கழக நிர்வாகம் தமிழக அரசின்பால் சென்ற பின்னும் அவர் பெயரையே அது தாங்கி நிற்கின்றது.

கலசத்தில் வார்த்த புனித நீர் மீண்டும் குடத்திற்குத் திரும்புவதில்லை. கண்டோர் தலையிலெல்லாம் அருளாய்த் தெளிக்கின்றது. அறத்தின் பொருட்டு ஈந்த பொருளும் அத்தகையதே. திருப்பணிச் செல்வர் அனைவரும் அந்நிலையான செல்வம் எய்தி வாழ்க!