சுபேதார் இராம்ஜி சக்பால்

சென்னையிலிருந்து இரேணிகுண்டா வழியாகப் பம்பாய்க்குச் செல்லும் இருப்புப்பாதையை நாமெல்லாம் அறிவோம். அப்பாதை சென்று சேரும் நகரின் ஆலைப்பகுதியாகிய பரேலில், ஓர் ஒற்றையறையில் குடியிருந்தவர் இராம்ஜி சக்பால். அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் அவர்.

இவர்களது பூர்வீகம் இரத்தினகிரி மாவட்டத்து அம்படவே சிற்றூர். ஊர் ஒதுக்கிவைத்த மகார் குலத்தாருக்குப் படையே எழுத்தறிவு தந்தது. தந்தையார் மாலோஜியைப் போலவே இராம்ஜியும் படையில் சேர்ந்தார். படைப்பள்ளித் தலைமையாசிரியராகிச் சுபேதார் பதவியும் எய்தினார். கபீர் நெறியைத் தழுவி மதுவையும் புலாலையும் விலக்கினார். மகார்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியபோது, இரானடே அவர்களின் துணைகொண்டு விண்ணப்பம் எழுதி முறையிட்டார்.

ஓய்வுபெற்றபின் சதாராவில் இருக்கையில் 1896-இல் மனைவியார் பீமாபாய் காலமானார். பின்னர் குடும்பம் பம்பாய் சேர்ந்தது. ஓய்வூதியம் போதாதபோது, மணமான மகளின் நகையைக் கேட்டுவாங்கி அடகுவைத்து மகனுக்கு நூல் வாங்கினார். அறையில் இடமில்லை, ஆதலால் மகனை முன்னிரவில் உறங்கவைத்து, தாம் விழித்திருந்து, இரவு இரண்டு மணிக்கு அவனை எழுப்பிப் படிக்கச் செய்தபின்னரே தாம் படுத்தார்.

1913 பிப்ரவரி 2-ஆம் நாள் அவர் மறைந்தார். அவ்வாண்டிலேயே மகன் அமெரிக்கா சென்று கொலம்பியா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அதைக் காணும் பேறு தந்தைக்கு வாய்க்கவில்லை.

அன்பர்களே, 1956-இல் நாகபுரியில் இலட்சோபலட்சம் மக்களுக்குப் புத்த நெறி காட்டியவர் அம்மகனே. வறுமையைக் காரணங்காட்டி நம் பிள்ளைகளின் படிப்பை நிறுத்த முற்படுங்கால், அவ்விரவுகளில் விழித்திருந்த சுபேதாரை நினைத்துக்கொள்வோமாக.