அண்ணன் வரைந்த முகம், தம்பி வரைந்த காடு



நம்மில் பலர் கல்வராயன் மலைக்குப் போய் வந்திருப்பீர்கள். காலை வெயில் மரங்களுக்கிடையே புகுந்து தரையில் திட்டுத் திட்டாக விழுவதைச் செல்போனில் படமும் எடுத்திருப்பீர்கள். செல்போன் இல்லாத காலத்தில், அப்படிப்பட்ட காட்டின் நடுவே மனிதர்களை நிறுத்தி, உயிரோடு இருப்பதுபோல் வரைந்தவர் ராஜா ரவிவர்மா.

1848 ஏப்ரல் 29-ல் கிளிமானூரில் பிறந்த அவர், 14 வயதில் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். எண்ணெய் வண்ணம் தெரிந்தவர்கள் அப்போது மிகச் சிலர். அவர்களும் எளிதில் சொல்லித் தரவில்லை. 1868-ல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சன், தாம் வரைவதைப் பார்க்க மட்டும் அனுமதித்தார். ரவிவர்மா பார்த்தே கற்றார்.

இந்த வண்ணத்தில் அவசரம் உதவாது. முதலில் மெல்லிய பூச்சாக நிழல்களைப் போட வேண்டும். அது காய்ந்த பின்பே அடுத்த பூச்சு. வெயில் படும் இடங்களுக்குக் கெட்டியான வண்ணம் கடைசியில்தான். காயுமுன் பூசினால் நாளடைவில் வெடித்துவிடும்.

1873-ல் சென்னையிலும் வியன்னாவிலும் பரிசு பெற்றார். 1898-ல் வரைந்த சகுந்தலை படம் உங்களுக்குத் தெரியும். காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல் நின்று, துஷ்யந்தனைத் திரும்பிப் பார்ப்பாள்.

பலருக்குத் தெரியாதவர் தம்பி சி. ராஜராஜ வர்மா. இயற்கைக் காட்சிகளில் தேர்ந்தவர். அண்ணனின் பல படங்களில் பின்னணியைத் தீட்டியவர் அவர்தான். பயணம், கடிதம், கணக்கு எல்லாவற்றிலும் துணை நின்றார்.

1894-ல் பம்பாயில் அச்சகம் தொடங்கினார்கள். லட்சுமி, சரஸ்வதி படங்கள் சாமானியர் வீடுகளுக்கும் போயின. ஆனால் கடன் ஏறியது. சில ஆண்டுகளில் ஒரு ஜெர்மானியருக்கு விற்க நேர்ந்தது. வங்கியில் காலம் கழித்தவன் நான். விற்பனை வேறு, லாபம் வேறு என்பது எனக்குப் புதிதல்ல. அச்சகம் கைமாறியது, படங்கள் மட்டும் நம் பூஜை அறைகளில் நிலைத்துவிட்டன.

1905-ல் தம்பி மறைந்தார். அண்ணன் அதிக நாள் இருக்கவில்லை. 1906 அக்டோபர் 2-ல் காலமானார்.

சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்களைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். முகங்களைப் பார்த்து முடித்ததும் நகர்ந்துவிடாதீர்கள். பின்னாலிருக்கும் காட்சியையும் ஒரு நிமிடம் பாருங்கள். அதில் பெயர் வெளியே தெரியாத ஒரு தம்பியின் கையும் இருக்கலாம்.