குர்ஆனின் சொற்களைத் தேடிப் போன ஜப்பானியர்: பேராசிரியர் இசுட்சுவும் நாமும்

சீகிரியாக் குன்றின் அடிவாரத்தில் உள்ள நூதனசாலை ஜப்பானின் உதவியுடன் கட்டப்பட்டு 2009 ஆம் ஆண்டு திறந்து வைக்கப்பட்டது. மாத்தளை மாவட்டப் பாடசாலைகளிலிருந்து மாணவர்களைச் சுற்றுலா அழைத்துச் செல்லும் என் போன்ற ஆசிரியர்களுக்கு அது பழக்கமான இடம். அங்கே நின்று ஜப்பானைப் பற்றிக் கேட்டால் பிள்ளைகள் வாகனங்களின் பெயர்களைச் சொல்வார்கள். கொஞ்சம் வாசிக்கும் பிள்ளை என்றால், ஏற்புவலிக் கிருமியை 1889 இல் தனியாக வளர்த்துக் காட்டிய கிட்டசாட்டோ ஷிபசபுரோவைச் சொல்லும். அல்லது 1949 இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற யுகாவா ஹிடெக்கியைச் சொல்லும்.

ஆனால் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களின் ஆய்வு மருத்துவத்தோடும் விஞ்ஞானத்தோடும் நின்றுவிடவில்லை. எமது அல்குர்ஆனின் சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து, அவற்றின் பொருளைத் தேடுவதில் பல வருடங்களைச் செலவிட்ட ஒரு ஜப்பானியப் பேராசிரியர் இருந்தார். அவர் முஸ்லிம் அல்ல. உலகப் பல்கலைக்கழகங்களில் இஸ்லாமியக் கற்கைகளைப் படிக்கும் எவருக்கும் தெரிந்த பெயர் அவருடையது: தோஷிஹிகோ இசுட்சு. அவர் மரணித்து முப்பது வருடங்களுக்கு மேலாகிவிட்டது. இன்றைய இலங்கை முஸ்லிம்கள் அவருடைய வாழ்க்கையை அறிந்திருப்பது அவசியம் என்று நான் கருதுவதாலேயே இதை எழுதுகிறேன்.

இசுட்சு 1914 மே 4 ஆம் திகதி டோக்கியோவில் பிறந்தார். தந்தை ஸென் பௌத்த வழிமுறையில் தியானம் பழகியவர். மகனுக்கும் சிறு வயதிலேயே அதைப் பழக்கினார். உள்ளம் என்று பொருள்படும் எழுத்தைத் தூரிகையால் எழுதி மகனின் முன் வைப்பார். மகன் அதையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பிறகு எழுத்தை எடுத்துவிட்டு, அதை மனதில் பார்க்கச் சொல்வார். கடைசியில் மனதில் உள்ள எழுத்தையும் விட்டுவிடச் சொல்வார். ஒரு சொல்லின் முன்னால் பொறுமையாக உட்காரும் பழக்கம் இப்படித்தான் அவருக்கு வந்தது என்று எனக்குத் தோன்றுகிறது.

கிறிஸ்தவ மிஷன் பாடசாலையில் படித்து, 1931 இல் கெய்யோ பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். முதலில் பொருளியல், பிறகு ஆங்கில இலக்கியம். 1937 இல் பட்டம் பெற்று அங்கேயே பணியில் சேர்ந்தார். மொழிகள் மீது அவருக்கு அடங்காத ஆசை. ஹீப்ரு படிக்கத் தொடங்கியவர் அரபிக்கு வந்தார். முப்பது மொழிகள் வரை அவருக்குத் தெரியும் என்று சொல்வார்கள்.

அக்கால ஜப்பானில் அரபி படிப்பிக்க யார் இருந்தார்கள்? ரஷ்யாவிலிருந்து வந்து டோக்கியோவில் தங்கியிருந்த தாத்தார் இன ஆலிம் அப்துர்ரஷீத் இப்ராஹீம் இருந்தார். 1938 இல் திறக்கப்பட்ட டோக்கியோ பள்ளிவாசலில் இமாமாகவும் இருந்தவர் அவர். எண்பது வயது முதியவரிடம் இருபது வயது கடந்த இந்த இளைஞர் அரபி படித்தார். பிறகு முதியவர் அவரை இன்னொரு பெரிய ஆலிமிடம் அனுப்பி வைத்தார். அவர்தான் மூஸா ஜாருல்லாஹ். அவரும் ரஷ்யாவிலிருந்து வெளியேறி நாடு நாடாக அலைந்தவர்.

மூஸாவைப் பற்றி இசுட்சு பிற்காலத்தில் சொன்ன சம்பவம் ஒன்று உண்டு. மூஸாவிடம் புத்தகங்கள் இருக்கவில்லை. அரபு இலக்கணத்தின் மூல நூலான ஸீபவைஹியின் கிதாபை மனப்பாடத்திலிருந்தே படிப்பித்தார். ஒரு முறை இசுட்சு நோயுற்றிருந்தபோது ஆசிரியர் பார்க்க வந்தார். அறை நிறையப் புத்தகங்களைக் கண்டு, தீப்பிடித்தால் என்ன செய்வாய் என்று கேட்டார். வீட்டை முதுகில் சுமக்கும் நத்தையைப் போல அறிவைச் சுமந்து திரிகிறாயே என்று சிரித்தார். அறிவு தலைக்குள் இருந்தால் எங்கே போனாலும் அதைக்கொண்டு படிப்பிக்கலாம் என்பது அவருடைய நிலைப்பாடு. எமது மத்ரஸாக்களின் மனனப் பாரம்பரியத்தை இன்று ஏளனமாகப் பேசுவோர் இருக்கிறார்கள். அந்தப் பாரம்பரியத்தில் வந்த ஒருவரின் காலடியில் இருந்துதான் நவீன ஆய்வாளரான இசுட்சு அரபி படித்தார்.

1941 இல், 27 வயதில், அரபுச் சிந்தனையின் வரலாறு பற்றி ஜப்பானிய மொழியில் ஒரு நூலை வெளியிட்டார். அது போர்க் காலம். ஜப்பானிய விமானங்கள் 1942 ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு வீசின. சீகிரியாவில் பிரித்தானியர் விமானத்தளம் அமைத்ததும் அந்தப் போர்க் காலத்தில்தான். அதே காலத்தில் ஜப்பானியப் பேரரசு முஸ்லிம்கள் வாழும் நாடுகளை நோக்கிப் படர்ந்துகொண்டிருந்ததால் இஸ்லாம் பற்றிய ஆய்வுக்கு அங்கே பணமும் ஆதரவும் கிடைத்தன. தேசியவாதியான ஓகாவா ஷூமெய் பொறுப்பாக இருந்த ஆய்வு நிலையம் வெளிநாட்டிலிருந்து வாங்கிய அரபு நூல்களைப் பட்டியலிடும் வேலை இசுட்சுவுக்குக் கிடைத்தது. இதை மறைத்துவிட்டு அவருடைய வாழ்க்கையைச் சொல்வது நேர்மையாகாது. ஒரு சமூகத்தைப் பற்றி ஆராய்வது அந்தச் சமூகத்தை ஆள்வதற்கும் பயன்படலாம். காலனித்துவத்தைக் கண்ட எமக்கு இது புதிதல்ல.

ஆனால் 1945 இல் பேரரசு வீழ்ந்தது. அரச ஆதரவு போன பிறகும் இசுட்சு அரபியை விடவில்லை. அவரை நான் மதிப்பதற்கு இதுவே முதற்காரணம்.

ஜப்பானிய மொழியில் அல்குர்ஆன் ஏற்கனவே வந்திருந்தது. முதல் மொழிபெயர்ப்பு 1920 இல் வெளியானது. போர்க்குற்ற நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டு, மனநலம் குன்றியவர் என்று விசாரணையிலிருந்து விடுவிக்கப்பட்ட ஓகாவாவும் 1950 இல் ஒரு மொழிபெயர்ப்பை வெளியிட்டார். இவை பிற மொழிபெயர்ப்புகளைத் துணையாகக் கொண்டு செய்யப்பட்டவை. அரபு மூலத்திலிருந்து நேரடியாக வந்த முதல் முழு ஜப்பானிய மொழிபெயர்ப்பு இசுட்சுவுடையது. 1957, 1958 ஆம் ஆண்டுகளில் இவனாமி பதிப்பகம் அதை மூன்று தொகுதிகளாக, சாதாரண மக்கள் வாங்கக்கூடிய சிறிய நூல் வரிசையில் வெளியிட்டது. பழைய வேத நடையில் எழுதாமல், ஒருவர் முன்னால் நின்று பேசுவதைப் போன்ற பேச்சு நடையை அவர் தேர்ந்தெடுத்தார். 1964 இல் அதைத் திருத்தி மீண்டும் வெளியிட்டார். தமிழில் முழுக் குர்ஆனையும் முதன்முதலில் மொழிபெயர்த்த அப்துல் ஹமீத் பாகவியின் உழைப்பை அறிந்தவர்களுக்கு, ஒரு மொழிக்குள் இறைவேதத்தின் பொருளைக் கொண்டுவருவது எவ்வளவு பாரமான வேலை என்பது தெரியும்.

அதன் பின்னர் லெபனான், எகிப்து எனப் பயணம் செய்து, கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் படிப்பித்தார். அவருடைய இரண்டு ஆங்கில நூல்கள் இந்தக் காலத்தைச் சேர்ந்தவை: 1964 இல் வந்த குர்ஆனில் இறைவனும் மனிதனும் என்ற நூல், 1966 இல் விரித்தெழுதப்பட்டு வந்த குர்ஆனின் ஒழுக்க, சமயக் கருத்துகள் பற்றிய நூல்.

அவருடைய முறை எளிமையானது, ஆனால் கடின உழைப்பைக் கேட்பது. ஒரு சொல்லை எடுத்தால் அகராதியைப் பார்த்துவிட்டு முடிவுக்கு வரமாட்டார். இஸ்லாத்துக்கு முந்திய அரபுக் கவிதைகளில் அந்தச் சொல் எங்கே வருகிறது, எந்தச் சொற்களோடு சேர்ந்து வருகிறது, எதற்கு எதிராக நிற்கிறது என்று பார்ப்பார். பிறகு குர்ஆனில் அதே சொல் வரும் இடங்களை எடுத்து ஒப்பிடுவார். குர்ஆன் அரபிகளின் பழைய சொற்களைக்கொண்டே புதிய உலகப் பார்வையைக் கட்டியெழுப்பியது என்பதை இப்படிக் காட்டினார்.

மூன்று சொற்களை மட்டும் சொல்கிறேன். முதலாவது ஜஹ்ல். ஜாஹிலிய்யாக் காலம் என்றால் அறியாமைக் காலம் என்று பாடப்புத்தகத்தில் படிப்பிக்கிறோம். ஆனால் பழைய அரபியில் இந்தச் சொல்லின் முதல் எதிர்ச்சொல் இல்ம், அதாவது அறிவு அல்ல. ஹில்ம், அதாவது சகிப்பும் நிதானமும். கொஞ்சம் சீண்டினாலும் கொதித்தெழுந்து, பின்விளைவைப் பார்க்காமல் வாளை எடுப்பவனே ஜாஹில். இதை இசுட்சுவுக்கு முன்னரே ஐரோப்பிய ஆய்வாளர் கோல்ட்ஸிஹர் சுட்டிக்காட்டியிருந்தார். இசுட்சு அதைக் குர்ஆன் முழுவதற்கும் விரித்து விளக்கினார்.

இரண்டாவது கரீம். குலப்பெருமை உள்ளவனையும், பெயருக்காக ஒட்டகங்களை அறுத்து வாரி வழங்குபவனையும் அரபிகள் அப்படி அழைத்தார்கள். தக்வா உள்ளவரே அல்லாஹ்விடம் மிகக் கண்ணியமானவர் என்ற கருத்தைச் சொல்லும் ஸூரா அல்ஹுஜுராத்தின் 13 ஆம் வசனம் அந்தச் சொல்லின் பெறுமதியையே தலைகீழாக மாற்றியதை அவர் எடுத்துக்காட்டினார்.

மூன்றாவது குஃப்ர். மூடுதல் என்ற வேரிலிருந்து வந்தது. பெற்ற அருளை மூடி மறைப்பவன், நன்றி மறந்தவன் என்பதே அதன் பழைய பொருள். ஷுக்ர் என்ற நன்றிக்கு எதிராக நின்ற அந்தச் சொல், குர்ஆனில் ஈமானுக்கும் எதிராக நிற்கத் தொடங்கியது. நன்றி மறத்தல் என்ற உயிர் அதற்குள் தொடர்ந்து இருந்தது.

இதை வாசிக்கும்போது எமது ஊர்களை நினைக்காமல் இருக்க முடியவில்லை. கருத்து வேறுபாட்டுக்காக ஒரே பள்ளிவாசலில் தொழுதவர்கள் பிரிந்து, ஒருவரையொருவர் காபிர் என்று அழைத்ததை நாம் கண்டிருக்கிறோம். ஒரு முஸ்லிம் அல்லாத பேராசிரியர் அந்தச் சொல்லைத் தொடுவதற்கு முன் அரபுக் கவிதைகளைப் புரட்டினார். நாமோ ஒலிபெருக்கியில் அதை எளிதாகச் சொல்லிவிட்டோம்.

இன்னொரு பக்கமும் உண்டு. 2019 ஏப்ரல் 21 தாக்குதலுக்குப் பிறகு ஜிஹாத், ஷரீஆ போன்ற எமது சொற்கள் பொருள் தெரியாதவர்களால் தொலைக்காட்சிகளில் எமக்கு எதிராக வீசப்பட்டன. ஆடையில் இருந்த கப்பல் சுக்கான் படத்தைத் தர்மச்சக்கரம் என்று எண்ணி ஒரு சகோதரியைக் கைது செய்ததும் அந்த நாட்களில்தான். ஒருவர் மற்றவரின் சொல்லையும் சின்னத்தையும் வாசிக்கத் தெரியாத நாட்டில் இவை நடக்கும். எம்மை வாசிக்கவில்லையே என்று வருந்தும் நாம், மற்றவரை எவ்வளவு வாசித்திருக்கிறோம் என்பதையும் கேட்க வேண்டும்.

சீகிரியாவிலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. குன்றின் கண்ணாடிச் சுவரில், ஆயிரம் வருடங்களுக்கு முன் வந்து போனவர்கள் சிங்களத்தில் கீறிய கவிதைகள் இருக்கின்றன. அவற்றில் பெண்கள் எழுதியவையும் உண்டு. எழுத்தின் மேல் எழுத்தாகக் கிடந்த அவற்றை வருடக்கணக்காக வாசித்து, 685 கவிதைகளை 1956 இல் இரண்டு தொகுதிகளாக வெளியிட்டவர் தொல்லியல் ஆணையாளராக இருந்த செனரத் பரணவிதான. இசுட்சுவின் மொழிபெயர்ப்பு வரத் தொடங்கியதற்கு முந்திய வருடம் அது. எமது பிள்ளைகள் அந்தச் சுவரைக் கடந்து மேலே ஏறி, படம் எடுத்துவிட்டு இறங்குகிறார்கள். அயல் சமூகத்தின் ஆயிரம் வருடப் பேச்சு அங்கே இருக்கிறது என்பதை நாமும் அவர்களுக்குச் சொல்ல வேண்டும்.

இசுட்சுவின் கதைக்கு வருகிறேன். 1969 முதல் மெக்கில் பல்கலைக்கழகத்தின் தெஹ்ரான் கிளையிலும், 1975 முதல் ஈரானிய மெய்யியல் கழகத்திலும் பணியாற்றினார். இப்னு அரபியின் சிந்தனையையும் சீனத்துத் தாவோ சிந்தனையையும் ஒப்பிட்டு எழுதிய அவரது நூல் இன்றும் பேசப்படுகிறது. 1979 ஈரானியப் புரட்சியுடன் நாடு திரும்பினார். அதன் பிறகு தமது மக்களுக்காக ஜப்பானிய மொழியிலேயே அதிகம் எழுதினார். குர்ஆனை வாசிப்பது எப்படி என்று பொதுமக்களுக்கு நிகழ்த்திய உரைகள் 1983 இல் நூலாக வந்தன. 1993 ஜனவரி 7 ஆம் திகதி கமகுராவில் மரணித்தார்.

அவர் இஸ்லாத்தை ஏற்றாரா என்பதே சிலருக்கு முக்கியமான கேள்வியாக இருக்கிறது. அவர் அப்படி அறிவிக்கவில்லை. உள்ளங்களின் கணக்கு அல்லாஹ்விடம் இருக்கிறது. எமக்கு முன்னால் இருப்பது அவருடைய உழைப்பு. தமது வேதம் அல்லாத ஒன்றை, பரிகாசம் செய்யவும் பயன்படுத்தவும் அல்லாமல் விளங்கிக்கொள்வதற்காகவே ஒருவர் ஆயுளைச் செலவிட முடியும் என்பதை அவர் செய்து காட்டினார்.

எமது பாடசாலைகளில் இதற்கான சிறு தொடக்கங்கள் சாத்தியம். இஸ்லாம் பாடத்தில் ஒரு சொல்லைப் படிப்பிக்கும்போது அதன் வேரையும் எதிர்ச்சொல்லையும் சேர்த்துக் கொடுக்கலாம். இரண்டாம் மொழியான சிங்களத்தைப் பரீட்சைக்கு மட்டும் படிப்பிக்காமல், ஒரு சிங்களக் கவிதையையாவது ரசிக்கும் அளவுக்குக் கொண்டுபோகலாம். பௌத்த வரலாற்றையும் பாளி மொழியையும் பல்கலைக்கழகத்தில் கற்கும் முஸ்லிம் பட்டதாரிகள் சிலரையாவது எமது சமூகம் ஊக்குவித்து உருவாக்கலாம். இவற்றுக்குப் பெரிய பணம் தேவையில்லை, பொறுமை தேவை. அந்த ஹில்மை அல்லாஹ் எமக்கும் எமது பிள்ளைகளுக்கும் தருவானாக.